பழி பெடலுக்கு, பிழை ஜாக்கில்: பேஸ் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் பழுது தேடுவது எப்படி?

போன மழைக்காலத்தில் என் பேஸ் ஆம்ப்புக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாசித்துக்கொண்டே இருக்கும்போது சத்தம் பாதியாகக் குறையும். தடித்த தந்தியை ஓங்கி ஒரு தட்டு தட்டினால் ஒரு நொடி பழைய பலத்தோடு வரும். பிறகு மறுபடி அமுங்கிவிடும்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. அதற்கு முந்தைய நாலு மாதமாக, காலேஜ் நண்பன் ஒருவனுடைய கோரஸ் பெடலும் டிலே பெடலும் என் ஆம்ப்பின் பின்பக்கத்தில் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பில் செருகியே கிடந்தன. அவன் அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போன மறுநாள்தான் இந்தக் கோளாறு ஆரம்பித்தது. “மச்சி, உன் பெடல் என் ஆம்ப்பைக் காலி பண்ணிடுச்சுடா” என்று போனில் விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிப்பேர் செலவில் பாதியைத் தருகிறேன் என்றான். நானும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லவில்லை.

ரிப்பேர் கடையில் ஆம்ப்பை ஆன் செய்து பார்த்துவிட்டு, பவர் ஆம்ப் போர்டு போயிருக்கலாம், மாற்றினால் 14,000 ரூபாய் ஆகும், போர்டு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நண்பன் அன்றைக்கே 7,000 ரூபாய் அனுப்பிவிட்டான். அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவன் பயிற்சிக்கு வரவில்லை.

அந்த மூன்று வாரக் காத்திருப்பில், வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த ஆம்ப்பின் முன்னால் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் குறிப்பு. இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரைக் கேட்டுக் கேட்டு அதன்மேல் பைத்தியமான தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எலெக்ட்ரானிக்ஸ் என் தொழில் இல்லை. ஆனால் பிழை தேடுவது தினமும் செய்யும் வேலை. அங்கே பாலபாடமாகச் சொல்லித்தரும் ஒன்றை இங்கே மறந்துவிட்டேன்: கடைசியாக யார் கைவைத்தார்களோ அவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதே.

லூப் என்றால் என்ன?

எந்த ஆம்ப்பையும் இரண்டு பாதிகளாகப் பார்க்கலாம். முதல் பாதி ப்ரீஆம்ப். கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்கி, பேஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் கூட்டிக் குறைப்பது அது. இரண்டாவது பாதி பவர் ஆம்ப். ஸ்பீக்கரை அசைப்பதற்கு வேண்டிய பலத்தைக் கொடுப்பது அது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாசல்தான் எஃபெக்ட்ஸ் லூப். ப்ரீஆம்ப்பிலிருந்து சிக்னல் வெளியே வரும் ஜாக்குக்கு சென்ட் என்று பெயர். பெடலைச் சுற்றிவிட்டு அது உள்ளே திரும்பும் ஜாக்குக்கு ரிட்டர்ன் என்று பெயர்.

மொட்டைமாடி டேங்கிலிருந்து சமையலறைக்கு வரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு இடத்தில் ஃபில்டர் மாட்ட இணைப்பு விட்டிருக்கிறார்கள். ஃபில்டர் மாட்டினால் தண்ணீர் அதன் வழியாகச் சுற்றி வரும். மாட்டாவிட்டால் நேரே போக ஒரு பைபாஸ் வால்வு திறந்திருக்கும்.

ஆம்ப்பில் அந்த வால்வு எங்கே இருக்கிறது? பெரும்பாலான ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்குக்குள்ளேயே இருக்கிறது. ஜாக்கின் உள்ளே ஸ்பிரிங்போல வளைந்த ஒரு சின்னத் தகடு, இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஜாக் காலியாக இருக்கும்போது இந்தத் தொடுகை வழியாகத்தான் ப்ரீஆம்ப்பிலிருந்து பவர் ஆம்ப்புக்கு சிக்னல் போகிறது. பிளக்கைச் செருகியதும் தகடு விலகும், தொடுகை பிரியும், சிக்னல் பெடல் வழியாக வரும்.

அதாவது, லூப்பையே தொடாதவர்களுடைய ஆம்ப்பிலும் ஒவ்வொரு சுரமும் இந்த ஜாக்கைத் தாண்டித்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. “நான்தான் லூப்பை யூஸ் பண்றதே இல்லையே” என்பவர்களுக்கும் இந்தக் கோளாறு வருவது இதனால்தான்.

முதல் சோதனை: ஒரு அடி கேபிள்

எல்லாப் பெடலையும் கழற்றிவிடுங்கள். சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிளை நேராகப் போடுங்கள். வாசித்துப் பாருங்கள்.

சத்தம் முழுசாகத் திரும்பிவிட்டால் உங்கள் பவர் ஆம்ப் நன்றாக இருக்கிறது, ப்ரீஆம்ப்பும் நன்றாக இருக்கிறது. கெட்டது ரிட்டர்ன் ஜாக்கின் அந்தத் தகட்டுத் தொடுகை மட்டும்தான்.

என் ஆம்ப்பில் அதுதான் நடந்தது. கேபிளைச் செருகினேன், மூன்று வாரமாக அமுங்கிக் கிடந்த ஆம்ப் முழுத் தொண்டையில் அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. 7,000 ரூபாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? உலோகத் தகடுகளின் மேல் நாளாவட்டத்தில் ஆக்சைடு, சல்பைடு படலம் படிகிறது. ஈரப்பதமும் தூசும் அதை வேகப்படுத்துகின்றன. வீட்டு லைட் சுவிட்சிலும் இதுபோன்ற படலம் படியத்தான் செய்கிறது, ஆனால் அங்கே ஓடும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் அதைத் துளைத்துவிடும். ஜாக்கில் ஓடுவது ஒரு வோல்ட் அளவு சிக்னல், மிக மிகக் குறைந்த மின்னோட்டம். மெல்லிய படலமே அதைத் தடுத்துவிடும். ஓங்கித் தட்டினால் ஒரு நொடி சத்தம் திரும்பி வந்ததற்கும் இதுதான் காரணம். பெரிய சிக்னல் படலத்தைக் கொஞ்ச நேரம் உடைத்துக்கொண்டு போகிறது, சிக்னல் சிறுத்ததும் படலம் ஜெயித்துவிடுகிறது. இந்த அறிகுறியைப் பார்த்தாலே முதலில் ஜாக்கைச் சந்தேகப்படலாம்.

இப்போது நண்பனின் பெடலுக்கு வருவோம். நாலு மாதம் பிளக் செருகியே இருந்ததால், அந்தத் தொடுகை நாலு மாதமும் பிரிந்தே கிடந்தது. கடற்கரை ஊரின் காற்று பட்டுத் தகடு மங்கியிருக்கும், ஸ்பிரிங்கின் இறுக்கமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பெடல் இருந்தவரை சிக்னல் வேறு வழியில் போனதால் கோளாறு வெளியே தெரியவில்லை. கழற்றிய அன்றுதான் பழைய வழிக்கு வேலை வந்தது, அன்றுதான் அது கெட்டிருப்பதும் தெரிந்தது. பெடல் ஆம்ப்பைக் கெடுக்கவில்லை. நாலு மாதம் அந்தக் கோளாறை மறைத்து ஆம்ப்பைப் பாட வைத்ததே பெடல்தான்.

சரி செய்வது சுலபம். ஆம்ப்பை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கின் மேல் லேசாக அடித்து, ரிட்டர்ன் ஜாக்கில் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். நன்றாக உலரவிட்டு ஆன் செய்யுங்கள். பிசுபிசுப்பு விட்டுப்போகும் எண்ணெய் ஸ்பிரேக்கள் வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டும், அது சால்டரிங் தெரிந்தவருக்குச் சின்ன வேலை. அதுவரை பேட்ச் கேபிளை அப்படியே விட்டுவைத்தாலும் ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது சோதனை: ஆம்ப்பை இரண்டாக வெட்டுவது

கேபிள் போட்டும் சத்தம் வரவில்லை என்றால்? இங்கேதான் லூப்பின் இன்னொரு பயன். ஆம்ப்பைத் திறக்காமலேயே நடுவில் வெட்டிப் பார்க்க அது வழி தருகிறது. ஆயிரம் வரி நிரலில் பிழை எங்கே என்று தெரியாதபோது, நடுவில் நிறுத்தி “இதுவரைக்கும் சரியா?” என்று கேட்போம் இல்லையா, அதே வேலைதான்.

முதல் பாதிக்கு: சென்ட் ஜாக்கிலிருந்து கேபிள் எடுத்து இன்னொரு ஆம்ப்பிலோ மிக்சரிலோ செருகுங்கள். வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். சத்தம் தெளிவாக வந்தால் ப்ரீஆம்ப் சரி.

இரண்டாம் பாதிக்கு: போனிலிருந்து பாட்டை ரிட்டர்ன் ஜாக்கில் கொடுங்கள். போன் வால்யூம் அடிமட்டத்திலிருந்து மெதுவாக ஏறட்டும். பாட்டு வந்தால் பவர் ஆம்ப் சரி, ஸ்பீக்கரும் சரி.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டு ரிப்பேர் கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். “சத்தம் கம்மியா இருக்கு” என்று சொல்வதற்கும் “சென்ட்ல சிக்னல் வருது, ரிட்டர்ன்ல பாட்டு கொடுத்தா ஸ்பீக்கர் பாடலை” என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் அவுட் ஜாக்கும் சென்ட் ஜாக்கும் பல ஆம்ப்களில் ஒரே அளவில், ஒரே மாதிரி இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் என்றால் ஏறத்தாழ 28 வோல்ட். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் அது போனால் பெடல் பிழைப்பது கஷ்டம். பின்பக்கம் இருட்டாக இருந்தால் டார்ச் அடித்து எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கிகளில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

பெடல் கரகரக்கிறது: அளவுப் பொருத்தம்

வெறும் கேபிளோடு சுத்தமாக இருக்கிறது, பெடலை மாட்டியதும் கரகரக்கிறது என்றால் அப்போது பெடல் பக்கம் பார்க்கலாம். அப்போதும் பெடல் கெட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பிரச்சினை அளவில்தான்.

தரையில் வைத்து மிதிக்கும் பெடல்கள் கிட்டாரின் நேரடி சிக்னலுக்காகச் செய்யப்பட்டவை. அது சில நூறு மில்லிவோல்ட் இருக்கும், ஸ்லாப் அடித்தால் ஒரு வோல்ட்டைத் தாண்டும். லூப்பில் வருவதோ ப்ரீஆம்ப் பெரிதாக்கிய சிக்னல். ஸ்டூடியோ ரேக் கருவிகளின் அளவான +4 டிபியூ என்பது 1.23 வோல்ட். வீட்டு ஆடியோ கருவிகளின் அளவான −10 டிபிவி என்பது 0.316 வோல்ட். இரண்டுக்கும் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம், அதாவது சுமார் 12 டெசிபல்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1.23 வோல்ட் என்பது சராசரி. அலையின் உச்சியிலிருந்து அடிவரை அளந்தால் ஏறக்குறைய 3.5 வோல்ட் வரும். பேஸ் கிட்டாரில் தந்தியைத் தட்டும் கணத்தில் சிக்னல் சராசரியைவிட நாலு மடங்கு துள்ளுவது சாதாரணம். அப்போது 14 வோல்ட். பெடலுக்குக் கிடைப்பது 9 வோல்ட் மின்சாரம். 14 வோல்ட் அலை 9 வோல்ட் வீட்டுக்குள் நுழைய முடியாது. தலையும் காலும் வெட்டுப்படும். அந்த வெட்டுதான் காதுக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. கிட்டார் வாசிப்பவர்களைவிட பேஸ் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் தாழ்ந்த சுரங்களின் அலைகள் பெரியவை.

அடையாளம் எளிது: மென்மையாக வாசித்தால் சுத்தமாகவும் ஓங்கினால் மட்டும் கரகரப்பாகவும் இருக்கும். தீர்வுகள்:

1. ஆம்ப்பில் லூப்பின் அளவைக் குறைக்கும் சுவிட்ச் அல்லது சென்ட் லெவல் குமிழ் இருந்தால் அதைக் குறையுங்கள்.
2. இல்லாவிட்டால் கெய்னைக் குறைத்து மாஸ்டரை ஏற்றுங்கள். மாஸ்டர் பெரும்பாலும் லூப்புக்குப் பிறகு இருக்கும், அதனால் மொத்தச் சத்தம் குறையாது.
3. சில பெடல்கள் 18 வோல்ட்டையும் ஏற்கும். ஆனால் பெடலின் மேலோ கையேட்டிலோ அப்படி எழுதியிருந்தால் மட்டும். எழுதாத பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் புகை வரலாம்.

இன்னொன்று: எல்லாப் பெடலுக்கும் லூப் இடமில்லை. கம்ப்ரஸர், ஆக்டேவர், ஓவர்டிரைவ் எல்லாம் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் இருந்தால்தான் இயல்பாக வேலை செய்யும். கோரஸ், டிலே, ரிவெர்ப் லூப்புக்குப் பொருந்தும். இது சட்டம் இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்றால் முதலில் இந்த வழக்கமான வரிசைக்குத் திரும்பிப் பாருங்கள்.

அடிநாதம் காணாமல் போகிறது

பேஸ் வாசிப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பெடல் போட்டதும் சத்தம் வருகிறது, ஆனால் வயிற்றில் அதிரும் அந்த அடிநாதம் மட்டும் இல்லை. இதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பேரலல் லூப். லூப்கள் இரண்டு வகை. சீரீஸ் லூப்பில் முழு சிக்னலும் பெடல் வழியாகத்தான் போகும். பேரலல் லூப்பில் ஒரு பங்கு நேராகப் போகும், இன்னொரு பங்கு பெடலைச் சுற்றி வரும், கடைசியில் இரண்டும் கலக்கும். பேஸ் ஆம்ப்களில் பேரலல் அதிகம் காணப்படுவதற்கு நியாயம் இருக்கிறது: அடிநாதம் பெடலில் சிக்காமல் நேரே போகட்டும் என்பதுதான்.

ஆனால் பெடல் சிக்னலைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பினால்? சில பெடல்களின் சுற்று அப்படி அமைந்திருக்கும். தனியாகக் கேட்டால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. நேர் சிக்னலோடு கலக்கும்போது ஒன்று மேலே போகையில் மற்றது கீழே போகும், இரண்டும் அடித்துக்கொண்டு சாகும்.

டிஜிட்டல் பெடலில் இன்னொரு சிக்கல் உண்டு. சிக்னலை எண்ணாக்கி மறுபடி சத்தமாக்க ஓரிரு மில்லிசெகண்ட் ஆகும். 2 மில்லிசெகண்ட் தாமதம் என்று வையுங்கள். அதே சிக்னல் தாமதமாக வந்து நேர் சிக்னலோடு சம அளவில் கலந்தால் 250 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், 750இல் அடுத்தது, 1250இல் அதற்கடுத்தது. சீப்பின் பற்களைப்போல இடைவெளி விட்டு விட்டு. மூக்கடைத்துப் பேசுவதுபோன்ற சத்தம் வருவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க, லூப்பின் மிக்ஸ் குமிழை முழுக்கப் பெடல் பக்கம் திருப்புங்கள். அடிநாதம் திரும்பி வந்தால் கலப்பில்தான் பிரச்சினை. பேரலல் லூப்பில் பெடலிலிருந்து நேர் சிக்னல் வராமல், எஃபெக்ட் மட்டும் வரும்படி வைப்பதே நல்லது. நேர் சிக்னலைக் கொடுக்கத்தான் ஆம்ப் இருக்கிறதே.

உங்கள் லூப் எந்த வகை என்று தெரியாவிட்டால், வால்யூமைக் குறைத்துக்கொண்டு ரிட்டர்ன் ஜாக்கில் மட்டும் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையைச் சும்மா விடுங்கள். கிட்டார் சத்தம் முழுசாக நின்றால் சீரீஸ். தொடர்ந்து கேட்டால் பேரலல். பேரலல் லூப்பில் ட்யூனர் பெடலை வைத்து “மியூட் ஆகவே மாட்டேங்குதே” என்று நானும் திட்டியிருக்கிறேன். ட்யூனர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நேர் சிக்னல் அதன் பக்கமே வரவில்லை.

இரண்டாவது காரணம், மின்மறுப்பு. சீரீஸ் லூப்பிலும் அடிநாதம் போகிறது என்றால் இதைப் பாருங்கள். சென்ட் ஜாக்குக்கு முன்னால் பல ஆம்ப்களில் ஒரு மின்தேக்கி இருக்கும். அதுவும் அடுத்து வரும் கருவியின் உள்ளீட்டு மின்தடையும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடும். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 1 மெகாஓம் உள்ளீடு உள்ள பெடல் என்றால், வடிகட்டியின் எல்லை 1.6 ஹெர்ட்ஸ். கவலையே இல்லை. அதே மின்தேக்கியோடு 10 கிலோஓம் உள்ளீடு உள்ள ரேக் கருவியை இணைத்தால் எல்லை 159 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேஸ் கிட்டாரின் திறந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ். அதன் அடிநாதம் கால்வாசியாகிவிடும். கருவியிலும் குறை இல்லை, ஆம்ப்பிலும் குறை இல்லை. ஜோடிப் பொருத்தம்தான் இல்லை. நடுவில் ஒரு பஃபர் பெடல் வைத்தால் தீரும்.

ஹம்: எந்தச் சுரத்தில் முனகுகிறது?

கடைசியாக, எல்லோருக்கும் வரும் தொல்லை. லூப்பில் பெடல் மாட்டியதும் “ம்ம்ம்” என்று ஒரு முனகல்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். ஆக, கையில் இருக்கும் கிட்டாரே ஒரு அளவுகோல். முனகல் ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டோடு ஒத்துப்போனால் அது 50 ஹெர்ட்ஸ்: கிரவுண்ட் லூப்பாகவோ பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமாகவோ இருக்கலாம். திறந்த ஜி தந்தியோடு ஒத்துப்போனால் அது 100 ஹெர்ட்ஸ்: அடாப்டரோ ஆம்ப்பின் பவர் சப்ளையோ மின்சாரத்தைச் சரியாகச் சமப்படுத்தவில்லை. கறாரான விதி இல்லை இது, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்று சொல்லிவிடும்.

அடுத்த படி, பெடலை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றம் அடாப்டரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்கு மின்சாரம் கொடுத்து, அவற்றில் சில கிட்டார் பக்கமும் சில லூப்பிலும் இருந்தால் கிரவுண்ட் ஒரு வட்டமாகிவிடும். அந்த வட்டம் ஒரு ஆன்டெனா. லூப் பெடல்களுக்குத் தனியாக, ஒன்றோடொன்று பிரிக்கப்பட்ட வெளியீடுகள் உள்ள பவர் சப்ளை கொடுத்தால் வட்டம் அறுந்துவிடும். சென்ட் கேபிளையும் ரிட்டர்ன் கேபிளையும் சேர்த்துக் கட்டி, பவர் வயரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். ஆம்ப், பெடல் சப்ளை இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பயிற்சி அறைகளில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: “எர்த் பின்னைக் கழட்டிடுங்க சார், ஹம் நின்னுடும்.” உண்மைதான், பல சமயம் நிற்கும். கூடவே உங்கள் உயிருக்கு இருந்த காவலும் போகும். பேஸ் கிட்டாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் கிரவுண்டோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் உள்ளே ஏதோ ஒரு வயர் விட்டுப் பெட்டியைத் தொட்டால், உங்கள் விரலில் 230 வோல்ட் நிற்கும். 1972 மே மாதம், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். முனகலோடு வாசிக்கலாம். தப்பில்லை.

சுருக்கமாக ஒரு வரிசை

1. லூப்பில் ஒன்றும் இல்லாமல் வாசித்துப் பாருங்கள்.
2. சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு அடி கேபிள். சத்தம் திரும்பினால் ஜாக்கைச் சுத்தம் செய்யுங்கள்.
3. திரும்பாவிட்டால் சென்டையும் ரிட்டர்னையும் தனித்தனியாகச் சோதித்து எந்தப் பாதி என்று முடிவு செய்யுங்கள்.
4. கேபிளோடு சரியாக இருந்தால் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள், முதலில் அணைத்த நிலையில், பிறகு ஆன் செய்து. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்.
5. ஓங்கினால் மட்டும் கரகரப்பு: அளவு. அடிநாதம் இல்லை: கலப்பு அல்லது மின்மறுப்பு. முனகல்: கிரவுண்ட் அல்லது பவர் சப்ளை.

இந்தப் பட்டியலில் “பெடல் கெட்டுவிட்டது” என்ற முடிவு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று கவனியுங்கள். நான் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். பெடல் மேல் பழி போட்டால் பெடல் ஒன்றும் நினைத்துக்கொள்ளாது. பெடலுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்பதை நான் யோசிக்கவில்லை.

கடையில் போர்டு ஆர்டரை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, 7,000 ரூபாயைத் திருப்பி அனுப்பி, போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, ஜாக் விவகாரம் முழுவதையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அந்த கேபிள் எவ்வளவுடா?” என்றான்.

“நூத்தி இருபது.”

“அதுல பாதி நான் தரேன்” என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தான். பெடல்களையும் கொண்டுவந்தான். வாசித்து முடித்ததும் லூப்பிலிருந்து அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான். இப்போதெல்லாம் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் செய்கிறோம், ஜாக்குக்கும் அதுதான் நல்லது.